படகுக்கு பிரேக் கிடையாது: மின்மோட்டாருக்கு முன்–பின் சுவிட்ச் பொருத்தும் முறை

துறையை நெருங்கும்போது மோட்டாரை நிறுத்தினாலும் படகு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதை நிறுத்த வேண்டுமென்றால் விசிறியை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வைக்க வேண்டும். ஆகவே பின்னோட்டச் சுவிட்சை யாரும் நிதானமாக இருக்கும்போது தொடுவதில்லை. கல்படி நான்கு அடியில் வந்துவிட்டதே என்று பதறும்போதுதான் கை அதைத் தேடிப் போகிறது. பதறிய கை எப்படி இழுக்கும் என்பதை மனத்தில் வைத்துத்தான் இந்த வயரிங்கைச் செய்ய வேண்டும்.

எனக்கு இது முதல் படகிலேயே விளங்கியிருக்க வேண்டும். 15 ஆம்பியர் என்று அச்சிட்ட ஒரு டாகிள் சுவிட்சை (சிறு நெம்புபிடி கொண்ட சுவிட்ச்) பொருத்தி, உப்பங்கழியில் இரண்டு நாள் பெருமையாக ஓட்டினேன். மூன்றாம் நாள் ஒரு வலைக்கம்பு குறுக்கே வந்தது. கைப்பிடியை ஒரே வீச்சில் முன்னிருந்து பின்னுக்கு இழுத்தேன். உள்ளே தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. அதன்பின் கைப்பிடியை நடுவில் வைத்தாலும் மோட்டார் நிற்கவில்லை. படகு பின்பக்கமாகவே போய்ப் புதருக்குள் சொருகியது. கடைசியில் பேட்டரி கிளிப்பைக் கையால் பிடுங்கினேன், பொறி பறந்தது. சார்ஜ் ஏறும்போது ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். மூடிய பெட்டிக்குள் அப்படி ஒரு பொறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் ஒரே படகை எடுத்துக்கொள்கிறேன். 12 அடி ஃபைபர் படகு, 12 வோல்ட் பேட்டரி, முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், பேட்டரியிலிருந்து மோட்டார் வரை 3 மீட்டர் வயர். உங்கள் படகு வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மோட்டாரைப் பாருங்கள்

மோட்டாரிலிருந்து இரண்டே வயர் வருகிறது, உள்ளே நிலைக்காந்தமும் பிரஷ்ஷும் (சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) இருக்கின்றன என்றால் வேலை எளிது. இரண்டு வயரையும் இடம் மாற்றினால் சுற்று திசை மாறும். சின்ன பேட்டரியை ஒரு நொடி தொடவைத்துப் பார்த்தே இதை உறுதி செய்துகொள்ளலாம்.

பழைய கார் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ பழைய வின்ச் மோட்டாரையோ படகுக்கு மாற்றியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். அவற்றில் பலவற்றில் நிலைக்காந்தம் இல்லை. காந்தப் புலத்தை உண்டாக்குவதும் ஒரு சுருள்தான். பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் சுழலும் சுருளிலும் புலச் சுருளிலும் மின்னோட்டம் ஒருசேரத் திரும்பும். இரண்டும் திரும்பினால் விசை பழைய திசையிலேயே இருக்கும், மோட்டாரும் பழையபடியே சுற்றும். இரண்டில் ஒரு சுருளை மட்டும் திருப்ப வேண்டும். அந்த வகை மோட்டாருக்கு இந்தக் கட்டுரையின் இணைப்பு பொருந்தாது.

மூன்று தடித்த வயர் வெளிவரும் பிரஷ் இல்லாத மோட்டாராக இருந்தால் சுவிட்ச் வாங்கவே வேண்டாம். அதன் கன்ட்ரோலரில் (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டி) பின்னோட்டத்துக்கென்று பெரும்பாலும் ஒரு சிறு வயர் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். தலையிலேயே வேகக் கைப்பிடி உள்ள மீன்பிடி மோட்டார்களிலும் பெரும்பாலும் பின்னோட்டம் ஏற்கெனவே உண்டு; அவற்றைப் பிரித்துக் கெடுக்காதீர்கள்.

இன்னொன்று: விசிறியைப் பிடித்திருக்கும் நட்டு. ஒரே திசையில் சுற்றவென்று செய்த விசிறியைத் திருப்பிச் சுற்றினால் சாதாரண நட்டு மெல்ல மெல்லக் கழன்று தண்ணீருக்குள் போய்விடும். நைலான் பூட்டு நட்டோ குறுக்கு ஊசியோ இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பின்னோட்டத்தில் உந்துவிசை குறைவாக இருக்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். விசிறியின் இலைகள் முன்னோட்டத்துக்காக வளைக்கப்பட்டவை, அதனால் குறைவது வயரிங்கின் குறையன்று.

சுவிட்ச்: காசு போக வேண்டிய இடம்

நமக்குத் தேவை ஆறு முனையும் மூன்று நிலையும் கொண்ட சுவிட்ச்: முன், நிறுத்து, பின். கடையில் ‘டி.பி.டி.டி., சென்டர் ஆஃப்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். நடுவில் நிறுத்தும் நிலை இல்லாத சுவிட்சை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மோட்டார் சுற்றும்போது அதுவும் ஒரு ஜெனரேட்டராக இருக்கிறது. பேட்டரிக்கு எதிராக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. நம் மோட்டாரின் சுருள், பிரஷ், வயர் எல்லாம் சேர்த்து மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 30 ஆம்பியர் ஓடும்போது தடையில் 3 வோல்ட் போய்விடுகிறது, மீதி 9 வோல்ட்டை மோட்டாரே எதிர்த்துத் தள்ளுகிறது. நின்றிருக்கும் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்தால் அந்த எதிர்ப்பு இல்லை, ஆகவே முதல் கணத்தில் 120 ஆம்பியர் பாயும். முழு வேகத்தில் சுற்றும்போதே வயரைத் திருப்பிக் கொடுத்தால்? எதிர்த்துக்கொண்டிருந்த 9 வோல்ட் இப்போது பேட்டரியோடு கூட்டுச் சேர்கிறது. 12-உம் 9-உம் 21, அதை 0.1-ஆல் வகுத்தால் 210 ஆம்பியர். என் 15 ஆம்பியர் சுவிட்ச் இரண்டு நாள் தாங்கியதே அதிசயம்.

நடுநிலையில் இரண்டு நொடி நின்றால், தண்ணீரின் இழுப்பில் விசிறி வேகம் குறைந்து இந்த எதிர் மின்னழுத்தமும் வெகுவாக இறங்கிவிடும். ஆகவே நடுநிலையில் ‘டக்’ என்று கை உணரும்படி பிடித்து நிற்கும் சுவிட்சாகத் தேடுங்கள். சிறு டாகிளைவிட, கையளவு குமிழ் கொண்ட ரோட்டரி சுவிட்ச் இதற்கு நல்லது. அதை ஒரே வீச்சில் கடப்பது பதறிய கைக்கும் கொஞ்சம் கடினம்.

அடுத்து, சுவிட்சின் மேல் அச்சிட்டிருக்கும் எண். ‘250 வோல்ட் ஏ.சி.’ என்று போட்டிருந்தால் அது வீட்டு மின்சாரத்துக்கான கணக்கு. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது, சுவிட்சைத் திறக்கும்போது எழும் பொறி அங்கே தானாக அணைகிறது. பேட்டரி மின்சாரத்துக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. 12 வோல்ட்டில் பொறி அவ்வளவு நீளாது என்றாலும், மோட்டார்ச் சுருள் மின்னோட்டத்தை விடாமல் தள்ளிக்கொண்டிருப்பதால் முனைகள் கரிந்துகொண்டே வரும். டி.சி. என்று தனியாக ஓர் எண் போட்டிருக்க வேண்டும். அந்த எண் மோட்டாரின் முழுச்சுமை ஆம்பியரைப்போல் இருமடங்காவது இருக்கட்டும், நம் படகுக்கு 60. சென்னை ரிச்சி தெருவில் குவியலாகக் கிடைக்கும் டாகிள்கள் பெரும்பாலும் இந்த வேலைக்கு மிகச் சிறியவை. லேத் பட்டறையில் கழற்றிய ரிவர்ஸ் சுவிட்ச் தடியாக இருக்கிறது என்று ஆசைப்படுபவர்களும் அதன் டி.சி. எண்ணைத் தேடிப் பார்த்த பிறகே ஆசைப்பட வேண்டும்.

வயரும் பியூஸும்

வயரின் நீளத்தைக் கணக்கிடும்போது போவதையும் வருவதையும் சேர்க்க வேண்டும்: 3 மீட்டர் தூரம் என்றால் 6 மீட்டர் செம்பு. வீட்டு பிளக் பாயிண்ட்டுக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. வயரைப் போட்டால் 30 ஆம்பியரில் ஏறத்தாழ 1.26 வோல்ட் வயரிலேயே தொலையும், அதாவது பத்தில் ஒரு பங்கு. 6 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட் போகும். 10 சதுர மி.மீ. போட்டால் 0.3 வோல்ட்தான், சுமார் இரண்டரை சதவீதம். நான் 10 போடுவேன். வீட்டு வயரில் இழைகள் தடிப்பாக இருக்கும், படகின் அதிர்வில் நாளடைவில் முறியும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயர் வேண்டும், வெள்ளீயம் பூசியதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பிடித்துவிடும். அந்தப் பச்சை உறைக்குள்ளேயே ஊர்ந்து போவதை ஒரு பழைய வயரை உரித்துப் பார்த்தால் காணலாம்.

பியூஸ் காப்பது வயரை, மோட்டாரை அன்று. ஆகவே அது பேட்டரியின் பக்கத்தில் இருக்க வேண்டும். நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள், 7 அங்குலத்துக்குள் வையுங்கள். பியூஸுக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள வயருக்குக் காவல் யாரும் இல்லை, அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நம் படகுக்கு 50 ஆம்பியர், மெதுவாக உருகும் வகை. அப்போதுதான் மோட்டார் கிளம்பும் கணத்து 120 ஆம்பியரில் அது வெட்டிக்கொள்ளாது.

பியூஸுக்குப் பதில் எம்.சி.பி. (மின்னோட்டம் மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட விரும்புபவர்கள் உண்டு. வீட்டு எம்.சி.பி. வேண்டாம், அதற்கும் மேலே சொன்ன அதே ஏ.சி. காரணம்தான். சோலார் பேனலுக்கு விற்கும் டி.சி. எம்.சி.பி. போடலாம். ஆனால் அவற்றில் பல, ‘+’ குறியிட்ட பக்கத்திலிருந்து மின்னோட்டம் வந்தால் மட்டுமே பொறியை ஒழுங்காக அணைக்கும். அதைச் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைத்தால், பின்னோட்டத்தில் மின்னோட்டம் தலைகீழாகி அது பயனற்றுப் போகும், எரியவும் கூடும். திசை மாறாத பேட்டரிப் பக்கத்தில்தான் அதற்கு இடம்.

பியூஸை அடுத்து, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தனி பேட்டரிச் சுவிட்ச் வையுங்கள். முனைகள் ஒட்டிக்கொண்ட அன்று என்னிடம் இல்லாமல் போனது அதுதான்.

இணைப்பு

பேட்டரியைக் கரையில் வைத்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. சுவிட்சைப் பின்பக்கம் திருப்பி வையுங்கள். ஆறு முனைகள் இரண்டு வரிசையாக இருக்கும்: இடப்பக்கம் மேல், நடு, கீழ், வலப்பக்கமும் அப்படியே. முதலில் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, எந்த நிலையில் நடுமுனை எதோடு சேர்கிறது என்று பார்த்துக் காகிதத்தில் குறியுங்கள். பல டாகிள்களில் கைப்பிடியை மேலே தள்ளினால் நடுமுனை கீழ்முனையோடு சேரும். ஊகத்தில் போகாதீர்கள்.

1. பேட்டரி நேர்முனை, பியூஸ், பேட்டரிச் சுவிட்ச் வழியாக வரும் வயரை இடப்பக்க நடுமுனையில் இணையுங்கள். எதிர்முனை வயர் வலப்பக்க நடுமுனைக்கு.

2. மோட்டாரின் சிவப்பு வயர் இடப்பக்க மேல்முனைக்கு, கறுப்பு வயர் வலப்பக்க மேல்முனைக்கு.

3. இரண்டு குட்டை வயர்களை எடுங்கள். இவையும் அதே 10 சதுர மி.மீ. தடிப்பில் இருக்க வேண்டும். இடப்பக்க மேல்முனையிலிருந்து வலப்பக்கக் கீழ்முனைக்கு ஒன்று, வலப்பக்க மேல்முனையிலிருந்து இடப்பக்கக் கீழ்முனைக்கு மற்றொன்று. பின்னாலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி தெரியும்.

நடுமுனைகள் மேலே சேர்ந்தால் சிவப்பு வயருக்கு நேர், கறுப்புக்கு எதிர். கீழே சேர்ந்தால் பெருக்கல் குறியின் வழியே போய்ச் சிவப்புக்கு எதிர், கறுப்புக்கு நேர். இவ்வளவுதான் சூட்சுமம்.

மோட்டாரை நடுமுனைகளிலும் பேட்டரியை ஓரமுனைகளிலும் இணைத்தும் இதைச் செய்யலாம், அப்படி வரைந்த படங்களும் நிறைய உண்டு. திசை மாறத்தான் செய்யும். ஆனால் நான் பேட்டரியை நடுவில்தான் வைப்பேன். ஓரங்களில் பேட்டரி இருந்தால், ஒரே பக்கத்தின் மேல்முனையில் நேர், கீழ்முனையில் எதிர். வேகமாக இழுக்கும்போது எழும் பொறி அந்த ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே தாவினாலே பேட்டரிக்கு நேரடி ஷார்ட் சர்க்யூட். பேட்டரி நடுவில் இருந்தால், அந்த விபத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தாவ வேண்டும். நிறுத்து நிலையில் மின்சாரம் உள்ள முனைகளும் நான்கிலிருந்து இரண்டாகக் குறைகின்றன.

வயர் முனைகளுக்குச் செம்பு லக் (திருகு நுழையும் துளையுள்ள முனைத்துண்டு) போட்டு, அதற்கான அழுத்தும் கருவியால் இறுக்குங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கணக்கில் சேராது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உறுதி என்று நம்புபவர்களிடம் நான் சண்டையிட்டுக்கொண்டே இருக்கிறேன்: ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும், அது நிற்கும் இடத்தில் அதிர்வு வேலையைக் காட்டும். லக்கின் கழுத்தில் பசை உள்ள சுருங்கும் ஸ்லீவை மாட்டிச் சூடு காட்டுங்கள். குறுக்கே போகும் இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி ஸ்லீவ் அவசியம்.

வேகக் கன்ட்ரோலர் இருந்தால் இந்தச் சுவிட்ச் கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவில் வர வேண்டும். மேலே பேட்டரி வயர் என்று சொன்ன இடத்தில் கன்ட்ரோலரின் வெளிவரும் வயர்களை வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலருக்கு முன்னால் சுவிட்சை வைத்தால், பின்னோட்டம் போட்ட கணத்தில் அதற்கு மின்சாரம் தலைகீழாகப் போய் எரிந்துவிடும். வேகத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே திசையை மாற்றுங்கள்.

சோதனை

மோட்டார் வயர்களைச் சுவிட்சிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் இரண்டு நடுமுனைகளில் வையுங்கள். முன், நிறுத்து, பின் என்று மூன்று நிலையிலும் ஒலி வரக்கூடாது. எந்த நிலையிலாவது ஒலித்தால் பெருக்கல் குறியில் ஒரு கால் தவறான முனைக்குப் போயிருக்கிறது. மோட்டாரைக் கழற்றாமல் பார்த்தால் முன், பின் இரண்டு நிலையிலும் ஒலிக்கும், ஏனென்றால் அதன் தடை அவ்வளவு சிறியது. நல்ல வயரிங்கைப் பிரித்துப் போட்டு ஒரு நாளை வீணாக்கியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும்.

பிறகு மோட்டாரை இணைத்து, விசிறியைக் கழற்றி, மோட்டாரைத் தரையோடு கட்டிவையுங்கள். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கார் ஹெட்லைட்டின் 12 வோல்ட் 55 வாட் பல்பைத் தொடராக இணையுங்கள். வயரிங்கில் எங்கே தவறு இருந்தாலும் இந்த பல்ப் 5 ஆம்பியருக்கு மேல் விடாது. கைப்பிடியை முன்னே தள்ளினால் பல்ப் மின்னி மங்கும், மோட்டார் சோம்பலாகச் சுற்றும். பின்னே தள்ளினால் அதே சோம்பலோடு எதிர்ப்பக்கம் சுற்றும். மோட்டார் சுற்றாமல் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால், மோட்டார் இறுகியிருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் ஷார்ட் எங்கேயோ இருக்கிறது. எல்லாம் சரியென்றால் பல்பை எடுத்துவிட்டு பியூஸைப் போடுங்கள். பேட்டரியில் எதிர்முனையைக் கடைசியில் மாட்டுங்கள், கழற்றும்போது அதையே முதலில் கழற்றுங்கள்.

பெரிய மோட்டார் என்றால்

50 ஆம்பியருக்கு மேல் போனால் முழு மின்னோட்டத்தையும் கைச்சுவிட்ச் வழியாகக் கொண்டுவருவது புத்திசாலித்தனம் அன்று. இரண்டு ரிலேக்களை (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் மின்காந்தச் சுவிட்சுகளை) மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவற்றை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் கைக்குக் கொண்டுவரலாம். மோட்டாரின் ஒவ்வொரு வயரும் ஒரு ரிலேயின் பொதுமுனைக்குப் போகும். ரிலே ஓய்வில் இருக்கும்போது பொதுமுனை எதிர்முனையோடும், இயங்கும்போது நேர்முனையோடும் சேரும்படி இணைக்க வேண்டும். ஒன்று இயங்கினால் முன், மற்றது இயங்கினால் பின். தவறுதலாக இரண்டும் ஒன்றாக இயங்கினால் மோட்டாரின் இரண்டு வயருக்கும் நேர்முனையே கிடைக்கும். மோட்டார் சும்மா நிற்கும், ஷார்ட் ஆகாது. இரண்டும் ஓய்வில் இருக்கும்போது மோட்டாரின் வயர்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் விசிறியும் சட்டென்று நிற்கும். கார்க் கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டாரிலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம்.

கார் ரிலே மலிவு என்று இந்த அளவுக்கு அதைப் போடாதீர்கள். 40 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் ஓய்வுநிலை முனைக்குப் பெரும்பாலும் 30தான் கணக்கு. நங்கூர வின்ச்சுக்கு விற்கும் இரட்டைக் காண்டாக்டர் (பெரிய மின்னோட்டத்துக்கான தடித்த ரிலே) பெட்டியை வாங்குங்கள். வாங்கும்போது ‘இரண்டு வயர் மோட்டாருக்கு’ என்று சொல்லி வாங்குங்கள், மூன்று வயர் மோட்டாருக்கான பெட்டியும் பார்க்க அப்படியேதான் இருக்கும். காண்டாக்டர் வந்துவிட்டது என்பதற்காக நடுநிலை இரண்டு நொடியை விட்டுவிட முடியாது. 210 ஆம்பியர் கணக்கு அதற்கும் பொருந்தும்.

படகில் பொருத்தும்போது

கைப்பிடியை அணியத்தின் (படகின் முன்முனை) பக்கம் தள்ளினால் படகு முன்னே போக வேண்டும், தன் பக்கம் இழுத்தால் பின்னே வர வேண்டும். மாறியிருந்தால் மோட்டாரின் இரண்டு வயரையும் மாற்றுங்கள். ‘பழகிக்கொள்கிறேன்’ என்று அப்படியே விட்டுவிடாதீர்கள், பதற்றத்தில் பழக்கம் நினைவுக்கு வராது. சுவிட்சைத் தரையில் தேங்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில், நீர்புகாத பெட்டிக்குள் வையுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பேட்டரிப் பெட்டியை இறுக மூடாமல் மேலே காற்றுத் துளை விடுங்கள், பேட்டரியைப் பட்டை போட்டுக் கட்டுங்கள்.

முதல் ஓட்டத்தைத் துறையில் கயிறு கட்டியபடியே நடத்துங்கள். முன்னே பத்து நொடி, நடுவில் இரண்டு, பின்னே பத்து என்று இருபது தடவை. அதன்பின் பேட்டரிச் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒவ்வொரு லக்கையும் ஸ்லீவின் மேல் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது அழுத்தியது போதவில்லை. திருகை இறுக்கி மறுபடி ஓட்டுங்கள். மறுபடியும் அதே இடம் சுட்டால் லக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.